ஆற்றங்கரைப் பழைய வீட்டைப் புதுப்பித்து விடுமுறைக்கு விடுவது: திறக்கும் முன் பார்க்க வேண்டியவை

#1 | கரைவீடு

வணக்கம். ஆற்றிலிருந்து 30 மீட்டர் தள்ளி நிற்கும் பழைய கல்வீடு. கீழும் மேலுமாக இரண்டு தளம், சுவர் 45 செ.மீ. கனம், ஆறு பேர் தங்கலாம். பழைய சிமென்ட் பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு, உள்ளே சுண்ணாம்புப் பூச்சு போட்டு மூன்று வாரம் ஆகிறது. கீழே மரப்பலகைத் தரை. போர்வெல் தண்ணீர், செப்டிக் டேங்க். சுவரில் பழைய வெள்ளத் தடம் தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் தெரிகிறது. மீட்டர் பெட்டி, பிளக் பாயின்ட் எல்லாம் முழங்கால் உயரம்தான்.

அடுத்த மாதம் விருந்தினருக்குத் திறக்கலாமா? பெயின்ட் எப்போது அடிக்கலாம்? வெள்ளத்துக்கு எந்த அளவுக்குத் தயாராக வேண்டும்? குடியிருக்கும் வீட்டுக்கும் விடுமுறைக்கு விடும் வீட்டுக்கும் பராமரிப்பில் என்ன வித்தியாசம்?

#2 | காரைவேலை

சிமென்ட்டை எடுத்தது நல்ல முடிவு. ஆனால் மூன்று வாரம் போதாது. மேலே போட்ட பூச்சு காய்வது வேறு, உள்ளே இருக்கும் சுவர் காய்வது வேறு. கனத்தில் 25 மி.மீ.க்கு ஒரு மாதம் என்பது பழைய கைக்கணக்கு. 45 செ.மீ. சுவர் என்றால் ஒன்றரை வருடம். சிமென்ட்டுக்குள் பல வருடம் அடைபட்டுக் கிடந்த ஓதம் இப்போதுதான் வெளியேறத் தொடங்கியிருக்கும். அதுவரை வீட்டைத் திறக்கவே கூடாது என்று சொல்லவில்லை. அதன் வழியை அடைக்காமல் திறக்க வேண்டும்.

பெயின்ட் விஷயத்தில் ஒரே பதில்: பிளாஸ்டிக் எமல்ஷன் வேண்டாம். சுண்ணாம்பு வெள்ளையை பால் பதத்துக்குக் கரைத்து, ஒவ்வொரு முறையும் சுவரை லேசாக நனைத்துக்கொண்டு, 4 அல்லது 5 மெல்லிய பூச்சாக அடியுங்கள். கெட்டியாக ஒரே பூச்சில் முடித்தால் காய்ந்ததும் பொடியாக உதிரும்.

பூச்சு போடும் முறையையும் சரிபாருங்கள். நீரியல் சுண்ணாம்பு (தண்ணீர் பட்டதும் இறுகத் தொடங்கும் வகை) என்றால் 1 பங்குக்கு மணல் இரண்டரை முதல் 3 பங்கு, ஒரு பூச்சு 10 மி.மீ. அளவில். அதற்கு மேல் ஒரே தடவையில் ஏற்றினால் சுருங்கும்போது தலைமுடி போல விரிசல் விழும். சீக்கிரம் காயட்டும் என்று ஹீட்டரையோ பெரிய ஃபேனையோ சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாலும் அதேதான் நடக்கும். சுண்ணாம்பு இறுகுவதற்குக் காற்றிலுள்ள கரியமில வாயுவும் கொஞ்சம் ஈரமும் இரண்டும் தேவை. முழுக்க உலர்ந்துவிட்டால் இறுகுவது பாதியிலேயே நின்றுபோகும்.

சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தால் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளேதான் போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, விழுவதைத் தாளில் ஏந்தி வெளியே கொட்டுங்கள். முதல் வருடம் பல தடவை பூக்கும். அது சுவர் காய்கிறது என்பதற்கான அடையாளம்.

#3 | மேல்பூச்சு

இவ்வளவு காத்திருக்க வேண்டுமா? உள்பக்கச் சுவரில் 1 மீட்டர் உயரத்துக்கு வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடித்து, மேலே சாதாரண பெயின்ட் அடித்தால் ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும். பல விடுதிகளில் அப்படித்தான் செய்கிறார்கள்.

#4 | காரைவேலை

செய்கிறார்கள் என்பது உண்மை. அடுத்து நடப்பதையும் பார்க்க வேண்டும். வெளியேற வழியில்லாத ஈரம் கோட்டிங் முடியும் இடம் வரை சுவருக்குள்ளேயே ஏறும். ஒரு மீட்டரில் கோட்டிங் நின்றால் ஒன்றேகால் மீட்டரில் கறை தெரியும். அதைவிட மோசம், சுவருக்குள் செருகியிருக்கும் மர விட்டத்தின் முனை. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் தங்கிவிட்டால் அழுகல் பூஞ்சைக்கு இடம் கொடுத்தது போலத்தான். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. குத்தூசியால் விட்ட முனையைக் குத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் அந்த முனை போய்விட்டது.

கரைவீடு, பலகைத் தரை என்று சொன்னீர்கள். அதற்கடியில் காற்று போகும் துவாரங்கள் வெளிச்சுவரில் திறந்திருக்கின்றனவா? புதுப்பித்த வீடுகளில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு இது. அழகுக்காக வீட்டைச் சுற்றி ஜல்லி நடைபாதை போடுவார்கள், மண் மட்டம் உயரும், துவாரம் மூடிக்கொள்ளும். வெளி மண் மட்டம் உள்தரையைவிடக் குறைந்தது 15 செ.மீ. தாழ்வாக இருக்க வேண்டும்.

#5 | கரைவீடு

பார்த்தேன். எட்டுத் துவாரத்தில் மூன்று ஜல்லிக்குக் கீழே. நாளையே தோண்டி எடுக்கிறேன்.

ஈரத்தை அளக்க இரண்டு ஊசி வைத்த மீட்டர் வாங்கலாமா?

#6 | காரைவேலை

மரத்துக்கு நம்பலாம். கல்சுவருக்கு நம்ப வேண்டாம். அந்த மீட்டர் மின் தடையை வைத்துக் கணக்கிடுகிறது. சுவரில் உப்பு இருந்தால் காய்ந்த இடத்தையும் ஈரம் என்று காட்டும்.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. இரண்டடிச் சதுரத்தில் அலுமினியத் தாளையோ தெளிவான பாலித்தீனையோ சுவரில் ஒட்டி, நான்கு ஓரத்தையும் டேப்பால் இறுக்கி 48 மணி நேரம் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர்த்துளி கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கத்தில் துளி நின்றால் அது அறைக் காற்றின் ஈரம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. எது என்று தெரியாமல் பணம் போட்டால் வீண்.

#7 | மின்னிணைப்பு

வெள்ளத் தடம் 40 செ.மீ. என்றால் முழங்கால் உயர மீட்டர் பெட்டியோடு ஒரு விருந்தினரைக்கூட உள்ளே விடக்கூடாது. பெயின்டைத் தள்ளிப்போடுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மீட்டரும் மெயின் போர்டும் மேல்தளத்துக்குப் போக வேண்டும். கீழ்த்தள வயர் எல்லாம் மேலிருந்து கீழே இறங்கி வந்து, 1 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் பிளக் பாயின்டில் முடியட்டும். தரைக்கடியில் ஓடும் வயர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் தனித்தனி சர்க்யூட், தனித்தனி 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி). அப்போதுதான் கீழே தண்ணீர் வந்து டிரிப் ஆனாலும் மேலே விளக்கு எரியும். இரவில் வெள்ளம் வந்தால் ஆறு பேர் இருட்டில் படியேற வேண்டிய நிலை வராது. போர்வெல் பம்புக்கும் தோட்ட விளக்குக்கும் இன்னொரு தனி சர்க்யூட்.

ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். அமுக்கியும் விழவில்லை என்றால் அது சுவரில் மாட்டிய வெறும் பெட்டிதான். தண்ணீர் ஏறி இறங்கிய சர்க்யூட்டை, காய்ந்துவிட்டது என்று கண்ணால் பார்த்து ஆன் செய்யக் கூடாது. இன்சுலேஷன் சோதனை (வயர் உறை வழியே மின்சாரம் கசிகிறதா என்று பார்ப்பது) முடிந்த பிறகுதான்.

#8 | கரைவீடு

வாசலில் வெள்ளத் தடுப்புப் பலகை செருகும் சட்டம் பொருத்தச் சொல்கிறார்கள். 1.2 மீட்டர் உயரப் பலகை. தண்ணீரை அடியோடு நிறுத்திவிடலாம் என்கிறார்கள். சரியா?

#9 | நீர்மட்டம்

> தண்ணீரை அடியோடு நிறுத்திவிடலாம்

இதைத்தான் செய்யக் கூடாது. தேங்கி நிற்கும் தண்ணீர் ஒரு சுவரைத் தள்ளும் விசை, உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. சுவரில் ஒரு மீட்டர் அகலத்துக்குக் கணக்குப் போட்டால், 60 செ.மீ. தண்ணீர் ஏறத்தாழ 180 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 1 மீட்டர் ஏறினால் 500 கிலோ. 1.2 மீட்டரில் 700 கிலோவைத் தாண்டும். ஐந்து மீட்டர் நீளச் சுவருக்கு இதை ஐந்தால் பெருக்குங்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய கல்சுவர் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கக் கட்டியது, பக்கத்திலிருந்து வரும் தள்ளலுக்குக் கட்டியதல்ல. உள்ளே காலி, வெளியே 1.2 மீட்டர் தண்ணீர் என்றால் போவது தரை விரிப்பு அல்ல, சுவர்.

60 செ.மீ. பலகை போதும். அதற்கு மேல் ஏறினால் தண்ணீர் உள்ளே வரட்டும். இரண்டு பக்கமும் மட்டம் சமமானால் தள்ளும் விசை இல்லாமல் போகும். உங்கள் வீட்டுத் தடம் 40 செ.மீ. என்பதால் பெரும்பாலான வெள்ளத்துக்கு இது காப்பாற்றும்.

பலகை மட்டும் வைத்தும் பயனில்லை. வாசலை அடைத்தால் தண்ணீர் கழிவுக் குழாய் வழியாக வரும். கீழ்த்தளக் கழிவறைக் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வரவிடாதது) வேண்டும். அதன் மடலில் துணியோ முடியோ சிக்கினால் மூடாது, ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். தரைக்கடித் துவாரங்களுக்கு மூடி தேவை, வெள்ளம் வடிந்த அன்றே அதைக் கழற்றவும் வேண்டும். இவ்வளவு செய்தும் கல் இணைப்புகள் வழியாகக் கசியும். கசிவதை இறைக்கச் சின்ன பம்ப் ஒன்று, மின்சாரம் போனாலும் ஓடுவது.

உள்ளே நனைந்தால் என்ன ஆகும் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். கீழ்த்தளத்தில் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அலமாரி ஒன்றுகூட வேண்டாம், ஒரு தடவை நனைந்தால் ரொட்டி போல ஊதிவிடும். சமையலறையில் எஃகுக் கால் வைத்த, நல்ல மரத்தில் செய்த அலமாரி. உள்கதவுகளுக்குத் தூக்கிக் கழற்றும் கீல், இரண்டு பேர் ஒரு நிமிடத்தில் கழற்றி மாடிக்குக் கொண்டுபோகலாம். தரைப்பலகையில் சுவரோரம் ஒரு வரிசையையாவது ஆணி அடிக்காமல் ஸ்குரூ போட்டு வையுங்கள். வெள்ளம் போனதும் அதைக் கழற்றி, அடியில் படிந்த சேறு ஈரமாக இருக்கும்போதே கழுவி எடுக்க வேண்டும். காய்ந்துவிட்டால் கல்லாகிவிடும். அதில் கழிவுநீரும் கலந்திருக்கும். முதலில் கழுவல், அதற்குப் பிறகு கிருமிநாசினி. சேற்றின் மேலேயே ஊற்றும் மருந்து சேற்றிலேயே வீணாகும்.

#10 | பயணப்பை

தங்கப் போகிறவர் பக்கமிருந்து ஒரு கேள்வி. இப்படிப்பட்ட வீட்டை முன்பதிவு செய்யும் முன் எதைக் கேட்க வேண்டும்? படங்கள் எல்லாமே அழகாகத்தான் இருக்கின்றன.

#11 | நீர்மட்டம்

வீட்டுக்கு வரும் பாதை வெள்ளத்தில் முங்குமா என்று முதலில் கேளுங்கள். வீட்டைவிடப் பாதை தாழ்வாக இருப்பதுதான் வழக்கம். வீட்டு வாசலில் தண்ணீர் வருவதற்கு மணிக்கணக்கு முன்பே பாதை துண்டிக்கப்படும். ஓடும் தண்ணீர் 30 செ.மீ. இருந்தாலே சிறிய காரை மிதக்க வைக்கும், 60 செ.மீ. என்றால் பெரும்பாலான வண்டிகளை அடித்துப் போகும். காரை எங்கே நிறுத்த வேண்டும், மேட்டு நிலம் எந்தப் பக்கம், மேல்நோக்கி அணை இருந்தால் நீர் திறப்பு அறிவிப்பு எப்படி வரும், அங்கே போன் சிக்னல் கிடைக்குமா. இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் உரிமையாளர் மற்றதையும் கவனிப்பார்.

போய்ச் சேர்ந்ததும் மூடியிருக்கும் அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். கூடத்தில் ஜன்னலைத் திறந்து வைத்து வாடையைப் போக்கியிருப்பார்கள், அலமாரியை மறந்திருப்பார்கள். சுவரில் கீழ் ஒரு மீட்டருக்கு மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் அதற்குக் காரணம் கேளுங்கள்.

#12 | வடிகால்

செப்டிக் டேங்கை யாரும் தொடவில்லை. விடுமுறை வீட்டில் முதலில் மக்கர் செய்வது அதுதான்.

குடும்பம் வாழும் வீட்டில் தினமும் ஒரே அளவு தண்ணீர் போகும். இங்கே பத்து நாள் ஒன்றுமே இல்லை, அடுத்து ஆறு பேர். ஒருவருக்கு 150 லிட்டர் வைத்தால் நாளைக்கு 900 லிட்டர். அவர்கள் கிளம்பும் நாளில் ஆறு பேரின் விரிப்பும் துண்டும் ஐந்து சுற்று வாஷிங் மெஷினில் ஓடும். சுற்றுக்கு 50 லிட்டர் என்றால் இன்னொரு 250. சில மணி நேரத்தில் இவ்வளவு பாயும்போது டேங்கின் அடியில் படிந்த சகதி கலங்கி, கழிவுநீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சு குழாய்களுக்குள் போய்விடும். ஒரு தடவை அடைத்துக்கொண்ட உறிஞ்சு மண்ணைச் சரிசெய்வது கடினம், பெரும்பாலும் புதிதாகத்தான் தோண்ட வேண்டும். அதனால் துணியை நாளுக்கு ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று பிரித்துத் துவையுங்கள். கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பு இருந்தால் இது சுலபம்: ஒன்று கட்டிலில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில்.

சகதியும் மேல் ஏடும் சேர்ந்து டேங்கில் மூன்றில் ஒரு பங்கு ஆனதும் காலி செய்யுங்கள். ஆனால் ஆற்று மட்டம் ஏறியிருக்கும் மாதத்தில் காலி செய்யவே கூடாது. நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது காலியான ஃபைபர் டேங்க் படகு போல மேலே கிளம்பும், குழாய்கள் முறியும். 3,000 லிட்டர் டேங்கை முழுக்க முங்கிய நிலத்தில் காலி செய்தால், அதைக் கிட்டத்தட்ட 3 டன் விசை மேலே தள்ளுகிறது. வறண்ட மாதத்தில் எடுங்கள், எடுத்த கையோடு நல்ல தண்ணீர் நிரப்புங்கள். மூடி ரப்பர் வளையம் வைத்து ஸ்குரூவால் இறுகியிருக்க வேண்டும்.

கழிவறையில் தண்ணீர் விட்டதும் குளுகுளு என்று சத்தம் வந்து மெதுவாக இறங்கினால், மண் இனி உறிஞ்சவில்லையோ என்று சந்தேகப்படுங்கள். எதை உள்ளே போடக் கூடாது என்று விருந்தினரிடம் முன்பே சொல்லிவையுங்கள். பாத்ரூம் சுவரில் பெரிய எழுத்தில் ஒரே வரி போதும்: ஈரத்துடைப்பான், நாப்கின், எண்ணெய் எதுவும் உள்ளே போடக் கூடாது. கூடவே மூடி போட்ட குப்பைத்தொட்டி வையுங்கள். தொட்டி இல்லாமல் அறிவிப்பு மட்டும் வைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

#13 | விருந்தகப்பொறுப்பு

வடிகால் சொன்ன அந்த நிரம்பல், காலி, நிரம்பல் என்ற போக்குதான் கரைவீடு கேட்ட வித்தியாசத்துக்குப் பதில். டேங்குக்கு மட்டுமல்ல, குழாய்க்கும் காற்றுக்கும் அதுவே.

குழாய்: 20 முதல் 45 டிகிரி வரை வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும். ஷவரின் நீர்த்திவலையை மூச்சில் இழுப்பதால்தான் அது தொற்றுகிறது. வெந்நீர்த் தொட்டி 60 டிகிரியில் இருக்க வேண்டும். வீடு ஒரு வாரம் காலியாக இருந்தால் எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் திறந்துவிட வேண்டும். ஷவர் தலையை ஒரு பையில் கட்டி, திவலை பறக்காமல் ஓடவிடுங்கள். 60 டிகிரி தண்ணீர் குழந்தையின் தோலைச் சில விநாடியில் பொசுக்கும். ஆகவே ஷவரில் 41 டிகிரிக்கு நிறுத்தும் கலவை வால்வும் சேர்த்தே வேண்டும். ஒன்றை வைத்து மற்றதை விடக் கூடாது.

போர்வெல்: 5 மைக்ரான் வடிகட்டிக்குப் பிறகு யூவி விளக்கு (புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்வது). தண்ணீர் கலங்கலாக இருந்தால் கிருமி துகளின் நிழலில் ஒளிந்து தப்பிவிடும், வரிசை மாறக் கூடாது. விளக்கு வருடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். நீலமாக எரிந்துகொண்டே இருக்கும், கொல்லும் திறன் குறைந்திருக்கும். வெள்ளம் போர்வெல் வாயை முக்கினால் குளோரின் போட்டு, ஆய்வகச் சோதனை முடியும் வரை குடிக்கத் தரக் கூடாது. 1,000 லிட்டருக்கு 5 சதவீத பிளீச் 1 லிட்டர் போட்டால் லிட்டருக்கு 50 மி.கி. வரும். 12 மணி நேரம் நிற்கட்டும். அந்தத் தண்ணீரை செப்டிக் டேங்கில் விடாதீர்கள், ஆற்றிலும் விடாதீர்கள்.

காற்று: தூங்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் ஈரத்தை மூச்சிலும் தோலிலும் விடுகிறார். ஆறு பேர், எட்டு மணி நேரம், கிட்டத்தட்ட 2 லிட்டர். குளியலறையில் ஈரப்பதம் பார்த்துத் தானே ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள். சுவிட்சை விருந்தினர் கையில் விட்டால் சத்தத்துக்காக அணைத்துவிடுவார்கள். கட்டில் சட்டம் வைத்ததாக இருக்கட்டும், மூடிய பலகைமேல் மெத்தை போட்டால் அடியில் பூஞ்சை படரும். பீரோவுக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே 5 செ.மீ. இடைவெளி.

#14 | மேல்பூச்சு

காலியாக இருக்கும்போது ஜன்னல்களைத் திறந்து வைத்தால் போதாதா?

#15 | காரைவேலை

எப்போதும் போதாது. கனத்த கல்சுவர் சூடேற நாளாகும். வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் அந்தக் காற்று 24 டிகிரி பரப்பில் பட்டதுமே நீராகும். மூடிக் கிடந்த கீழ்த்தளச் சுவர் 22 டிகிரியில் இருந்தால், திறந்த ஜன்னல் வழியாக நீங்களே சுவருக்குத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். உலர்ந்த நாளில் திற, புழுக்கமான நாளில் மூடி, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையரை 55 சதவீதத்தில் வை. பக்கெட்டில் நிரப்பாமல் குழாய் மூலம் சிங்கில் விழும்படி வையுங்கள். பக்கெட் நிறைந்ததும் மெஷின் நின்றுவிடும், காலி வீட்டில் யார் கொட்டுவார்கள்?

#16 | கரைவீடு

திறப்பதை மூன்று மாதம் தள்ளிவைக்கிறேன். மின்சாரமும் நான்-ரிட்டர்ன் வால்வும் முதலில், 60 செ.மீ. பலகை அடுத்து, சுண்ணாம்பு வெள்ளை கடைசியில். ஆற்றுப் படித்துறைக்கு மட்டும் யோசனை வேண்டும். குழந்தைகளோடு வருவார்கள்.

#17 | நீர்மட்டம்

வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே 1.2 மீட்டர் வேலி. குறுக்குக் கம்பி இருந்தால் ஏறிவிடுவார்கள், நேர்க்கம்பிதான் சரி. கம்பிகளுக்கு நடுவே 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி வேண்டாம். கேட் தானே மூடிக்கொள்ள வேண்டும், தாழ்ப்பாள் உச்சியில், ஆற்றுப்பக்கமாக இருக்கட்டும்.

படியில் பாசியை வாரம் ஒருமுறை கெட்டியான பிரஷ்ஷும் தண்ணீரும் வைத்துத் தேய்த்து எடுங்கள். ரசாயனம் ஆற்றில் கலக்கும், வேண்டாம். கடைசி நனைந்த படி வரை கைப்பிடி இறங்க வேண்டும். பலர் அதை மேல்படியோடு நிறுத்திவிடுகிறார்கள், வழுக்குவது கீழே. மிதவை வளையமும் 20 மீட்டர் வீசும் கயிறும் வேலியின் உள்பக்கத்தில் பூட்டு இல்லாமல் தொங்கட்டும்.

படித்துறைத் தூணில் இரண்டு தகடு. முதல் தகட்டைத் தண்ணீர் தொட்டால் காரை மேட்டுக்கு மாற்ற வேண்டும். இரண்டாவதைத் தொட்டால், பாதை முங்குவதற்கு முன் எல்லோரும் கிளம்ப வேண்டும். இரண்டாவதன் உயரத்தை வீட்டு வாசலை வைத்து அளக்காதீர்கள். பாதையில் எது மிகத் தாழ்வான இடமோ அதன் மட்டத்தை நீர்க்குழாய் மட்டத்தால் (தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாயின் இரு முனை மட்டத்தை ஒப்பிட்டு) எடுத்து, அதிலிருந்து 50 செ.மீ. கீழே அடியுங்கள். ஆற்று மட்டம் உங்கள் பகுதியில் வேகமாக ஏறுவது வழக்கம் என்றால் இன்னும் கீழே. துருப்பிடிக்காத ஸ்குரூ, எழுத்து பொறித்ததாக இருக்கட்டும், பெயின்ட் ஒரு மழைக்காலத்தில் போய்விடும். மாடி ஜன்னலிலிருந்து டார்ச் அடித்தால் எழுத்து தெரிகிறதா என்று ஒருநாள் இரவில் பாருங்கள்.